கால்மணிக்கு ஒருதரம்

பைசாந்தூ நகரக் குடிநீர் நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வில்மார் எச்செவெரி, அண்ணன் எபெரோடு எட்டு வருடமாகப் பேசவில்லை. அப்பாவின் அடக்கத்தன்று ஆற்றுவெள்ளத்தில் சாலை மூடிக் கிடந்தது. வில்மார் வந்த பேருந்து, அண்ணன் இருக்கும் மெர்சேதெஸ் ஊரைச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "மூணு மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு?" என்று கல்லறை வாசலிலேயே கேட்டான். எபெர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். அதோடு சரி.

வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், எபெர் நெக்ரோ ஆற்றுப் பறவைகளைப் பற்றி வலைப்பக்கம் ஒன்றில் எழுதத் தொடங்கினான். விஷயம் யார் வாய் வழியாகவோ வந்தது. வில்மார் திறந்து பார்த்தான். பக்கத்தின் அடியில் ஒரு கட்டம்: இன்று வந்தவர்கள், பைசாந்தூ, 1. இதை எபெரும் பார்ப்பான் என்று உறைத்ததும் சூடு பட்டதுபோல மூடிவிட்டான்.

நிலையத்தின் கணினிகளைக் கவனிக்கும் டார்வினிடம் யோசனை கேட்டான். டார்வின் மாத்தே தேநீரை உறிஞ்சி முடித்துக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான்.

"வீட்ல பழைய கம்ப்யூட்டர் கெடக்குல்ல? அதுல ஒரு ஃபீட் ரீடரைப் போடு. அதுவே போயி, உங்கண்ணன் புதுசா எழுதினதை எடுத்துட்டு வந்துரும். நீ அந்தப் பக்கத்தைத் தொறக்கவே வேணாம்."

"நான்னு தெரியாதுல்ல?"

"தெரியாதுடா, மெஷின் வந்தா ஊர் பேரு விழாது. அடுத்தவன் பொண்டாட்டிக்கு லெட்டர் போடறவன்கூட இப்படிப் பயப்பட மாட்டான்."

அதை ஓடவைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கணினிக்குள் தனித்தனிப் பெட்டிபோல ஓடும் இரண்டு கண்டெய்னர்கள்: ஃபீட் ரீடர் ஒன்றில், அது சேர்த்துவைக்கும் தரவு இன்னொன்றில். முதல் ஞாயிறு இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு கண்டெய்னரைப் புதுப்பித்தான்; சேர்த்தது முழுக்கப் போயிற்று. தரவை வெளியே வட்டில் வைக்கச் சொல்லும் ஒரு வரியை எழுத மறந்திருந்தான். மூன்றாம் ஞாயிறு ஓடியது. மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தால் போதும் என்றான் டார்வின். வில்மார் அதைக் கால்மணி என்று மாற்றிக்கொண்டான்.

ஐந்து வருடம் படித்தான். பம்பு அறையிலிருந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் பறவைகளுக்கு நடுவில் அப்பா வந்தார். 'துடுப்பைச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்குவார். அதைப் பார்த்தவர்களில் மிச்சம் இரண்டே பேர்' என்று எபெர் எழுதியிருந்தான். வில்மார் தொலைபேசியை எடுத்தான். அவனே கூப்பிடட்டும் என்று கீழே வைத்தான்.

இந்த மார்ச்சுக்குப் பிறகு புதிதாக எதுவும் வரவில்லை. கோளாறு தன் பக்கம்தான் என்று நினைத்து, கண்டெய்னர்களை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். ரீடரின் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கால்மணிக்கு ஒருதரம் போய், ஒன்றுமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

ஜூலையில் அண்ணி சுல்மா கூப்பிட்டாள். மாரடைப்பு.

இந்தமுறை சாலை திறந்திருந்தது. எபெரைக் கிடத்தியிருந்த கூடத்தின் மூலையில் வைத்து சுல்மா அவனுக்குக் காப்பி கொடுத்தாள்.

"எழுதறத விட்டதுலேர்ந்தே ஆளு சரியில்ல தம்பி."

"ஏன் விட்டாரு அண்ணி?"

"யாரும் படிக்கலையாம். யார் வந்தா, யார் போனான்னு தெனம் பாப்பாரு. 'மனுசன் ஒருத்தனையும் காணோம் சுல்மா, ஒரே ஒரு மெஷின் மட்டும் கால்மணிக்கு ஒருதரம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது'ன்னு சிரிப்பாரு. உங்கப்பாவப் பத்தி எழுதினப்ப மட்டும், பைசாந்தூன்னு வருதான்னு ஒரு வாரம் பாத்துக்கிட்டே இருந்தாரு."

வில்மார் காப்பியை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"அந்த மெஷின் என்னோடது அண்ணி."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் இறுகிவிட்டது.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? அதோ படுத்திருக்காரு. அங்க போய்ச் சொல்லு."

போனான். சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாத்தையும் படிச்சேன்" என்றான்.

பக்கத்து நாற்காலியில் இருந்த கிழவி, தன்னிடம் பேசுகிறான் என்று நினைத்து, "எதைப்பா?" என்று கேட்டாள்.

வில்மார் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் சொல்லத் தொடங்கினான். வெள்ளத்தில் கூடு இழந்த மீன்கொத்தி. பாலத்தடியில் சிறகு உலர்த்தும் நீர்க்காகங்கள். ஒரு கால் இல்லாமல் மூன்று கோடை வந்துபோன நாரை. வரிசை தப்பாமல், ஒன்றையும் விடாமல், சவ வண்டிக்காரர்கள் வந்து பெட்டியின் மூடியைக் கையில் எடுக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.