நாலு இருபது வரைக்கும்

“இங்கிட்டு வைங்க. ஒண்ணு மேல ஒண்ணு போடாதீங்க. கண்ணாடி கீறுனா ஏங்கிட்டத்தான் வருவீங்க.”

அன்னவாசலில் ஒரு தனியார் பள்ளி வாசலில், காலை எட்டே முக்காலுக்கு, அலுவலக உதவியாளர் சொர்ணம் தகரப் பெட்டியோடு நிற்பார். பஸ்ஸில் வரும் பிள்ளைகள் போன் கொண்டுவரலாம். வகுப்புக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர்ச் சீட்டு ஒட்டி வாங்குவார். யாராவது முனகினால், முதல் ஆளாகப் போட்ட தன் போனைக் காட்டுவார். “ஏம்போனும் உள்ளதான் கெடக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்?” பீரோவில் வைத்துப் பூட்டினால் மாலை நாலு இருபதுக்குத்தான் திறப்பு.

அவருடைய ஒரே மகள் இளமதி நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும், விடுதிப் போனில், பத்து நிமிடம். வாரமெல்லாம் சேர்த்து வைத்த பேச்சில் “சாப்ட்டியா”வுக்கு மேல் சொர்ணத்துக்கு எதுவும் வாயில் வராது. “வீட்டுல போனே கதின்னு கெடந்தா. நாந்தான் கொண்டுபோய் விட்டேன்” என்று சொல்லிவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் எழுந்துபோவார்.

போன வியாழக்கிழமை பெட்டியைத் திறந்தபோது, அவர் போனில் விடுதியிலிருந்து மூன்று மிஸ்டு கால். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய் அழைத்தார்.

“காய்ச்சல்தாங்க. ஊசி போட்டாச்சு, இப்பப் பரவால்ல” என்றார் வார்டன்.

“ஒரு வார்த்தை பேசிக்கிறேங்க.”

“ஞாயித்துக்கெழமை பேசலாங்க. ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க.”

இதே பதிலைத்தான் சொர்ணமும் தினம் வாசலில் சொல்கிறார். போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“பின்னால யாரோ இருமுறாப்புல கேக்குதே, அது எம்மகளா?”

“இங்க நாலு புள்ளைகளுக்குக் காய்ச்சல்ங்க. யாருன்னு தெரியல.”

மறுநாள் தலைமையாசிரியரே, “போனைக் கையில வச்சுக்கங்கம்மா” என்றார். “புள்ளைக பாக்குதுக சார். விடுதிக்கு ஆபீஸ் நம்பரைக் குடுத்திருக்கேன்” என்று சொர்ணம் மறுத்துவிட்டார்.

ஆனால் அன்றிலிருந்து அவர் போன் கடைசியாகத்தான் பெட்டிக்குள் போகிறது. அதில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும்; அந்த வியாழக்கிழமைப் பேச்சும் இருக்கிறது. வரிசை முடிந்ததும் பெட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வார்டன் குரலுக்குப் பின்னால் கேட்கும் அந்த இருமலை மறு காதில் கேட்கிறார். பள்ளி மணி அடிக்கிறது. பதிவைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளி, இன்னொரு தடவை கேட்கிறார்.