கறுப்பு வண்டியும் காய்ந்த துணியும்

கறுப்பு வண்டியில் எதையும் மறைக்க முடியாது. வெள்ளை வண்டி ஊரெல்லாம் உரசிக்கொண்டு வந்தாலும் சாதுவாக நிற்கும். கறுப்போ, யார் எந்தத் துணியால் துடைத்தார்கள் என்பதை வெயிலில் காட்டிக் கொடுத்துவிடும். விளக்கைப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். அந்த வட்டங்களை மெஷின் வைத்து எடுப்பதுதான் இந்தக் கார் பாலிஷ்காரரின் பிழைப்பு. எப்போதும் விளக்கும் கையுமாகக் குனிந்தே கிடப்பதால் பட்டறையில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையில்லை. ஓர் அக்கா உண்டு. போனில் மட்டும் பாசமானவள். வீட்டில் இருப்பது அப்பா.

அப்பா ஆயுளெல்லாம் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தவர். விடிந்ததும் காய்ந்த துணியை எடுத்து, படிந்த தூசியோடு வண்டியைத் தேய்த்துப் பளபளவென்று நிறுத்துவார். அதற்காகவே பேர் வாங்கினார். தூசியும் காய்ந்த துணியும் சேர்ந்தால் உப்புத்தாள்தான் என்று அப்போது அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது மறதி நோய். மகனின் பெயர் போய்விட்டது, சற்றுமுன் சாப்பிட்டது போய்விட்டது, குளியலறை எந்தப் பக்கம் என்பதும் பாதி போய்விட்டது. துடைப்பது மட்டும் போகவில்லை. இந்த நோய் அப்படித்தான். கை பழகியதைக் கடைசியாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

தனியாக விட்டால் தெருவில் இறங்கிவிடுகிறார் என்று பூதக்கண்ணாடி அவரைப் பட்டறைக்கே கூட்டிவந்தார். முதலாளியம்மா முகம் சுளிக்கவில்லை. "ஓரமா இருக்கட்டும். வண்டிகிட்ட மட்டும் வரக்கூடாது" என்றார்.

வராமல் இருப்பாரா? முதல் வாரமே அவர் தேய்த்த தேய்ப்பில் ஒரு வண்டியின் கதவு கீறலாகிப் போயிற்று. பூதக்கண்ணாடி பழைய இரும்புக் கடையில் தேடி ஒரு கறுப்பு பானெட்டைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"இதத் தொடைங்கப்பா. உங்களுக்குத்தான்."

அப்பா முன்னும் பின்னும் பார்த்தார். "மீதி வண்டி எங்க?"

"வரும்."

"வந்ததும் கூப்பிடு. மூடிய மட்டும் தொடைச்சு வைக்க நான் என்ன சமையல்காரனா?"

வண்டி கழுவுகிறவர் சிரித்த சிரிப்பில் குழாயை நழுவவிட்டார். "அண்ணே, இவருக்கா மூளை போயிடுச்சுன்னு சொல்றீங்க?"

அடுத்த வாரம் ஒரு பெரிய கறுப்பு வண்டி வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை பாலிஷ் கண்ட வண்டி. ஒவ்வொரு பாலிஷும் மேல்பூச்சைக் கொஞ்சம் சீவித்தான் கீறலை எடுக்கிறது. இன்னும் ஒரு தடவைதான் தாங்கும் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். ஓரங்களுக்கு டேப் ஒட்டினார். ஸ்பாஞ்சில் காம்பவுண்ட் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்து, மெதுவாகப் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். மெஷின் கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரம் சூடேறி வெந்துவிடும். மாலைக்குள் பானெட், கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழமாகக் கறுத்தது. கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது அப்பா பானெட்டின்மேல் சாய்ந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, துடைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது சக்கரம் துடைத்துப் போட்ட மண் துணி.

"போதும்பா."

"இரு தம்பி. எவனோ அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கான்."

முதலாளியம்மா வந்து, விளக்கைத் தானே பிடித்துப் பார்த்தார். "மறுபடி மெஷின் வைக்க முடியுமா?"

"முடியாதும்மா. வச்சா பூச்சு பிஞ்சு அடிக் கலர் வந்துடும்."

"புது பெயிண்ட் அடிச்சுக் குடுத்துக்கறேன். அது என் தலையெழுத்து. நாளைக்கு நீங்க வந்தா தனியா வாங்க. இல்லன்னா வரவே வேணாம்." விளக்கைத் திருப்பிக் கொடுத்தார். "எங்க வீட்டுலயும் படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கார். தெரியாமப் பேசல."

பூதக்கண்ணாடி அன்றே அக்காவுக்குப் போன் செய்தார். "எங்க வீட்டுல நாங்களே ஒருக்களிச்சுத்தான் படுக்கறோம், தம்பி. நீ அவரக் கண்ணுல வச்சுப் பாத்துக்கோ. பெத்தவங்க மனசு நொந்தா நல்லதில்ல" என்றாள். புத்தி சொல்வதில் அவள் வஞ்சனை செய்ததே இல்லை. முதியோர் இல்லத்தில், நடமாடுகிற மறதி நோயாளியைச் சேர்ப்பதில்லை, படுக்கையில் விழுந்தபிறகு வாருங்கள் என்றார்கள். வேலையை விட்டால் இருவருக்கும் சோறில்லை.

மறுநாள் காலை கேஸ் சிலிண்டரை மூடினார். கத்தி, தீப்பெட்டி, பினாயில் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்தார். சோற்றையும் தண்ணீரையும் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டினார். அன்று செய்த வேலையில் குறையே இல்லை. முதலாளியம்மாகூட நன்றாயிருக்கிறது என்றார்.

மாலையில் கதவைத் திறந்தால், கதவை ஒட்டி அப்பா நின்றுகொண்டிருந்தார். வேட்டி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. சோறு வைத்தபடியே இருந்தது.

"ஏம்ப்பா நிக்கறீங்க?"

"உள்ள போன ஐயா இன்னும் வரல. வண்டிய விட்டுட்டு நான் எங்க போறது?"

கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, விழுந்தபடியே நின்றது. பூதக்கண்ணாடி அவரைக் கழுவித் துடைத்து, தொடையிடுக்கில் சிவந்த இடத்துக்கு எண்ணெய் தடவி, காலுக்குத் தலையணை கொடுத்துப் படுக்கவைத்தார்.

"ஐயா இனி வரமாட்டார்ப்பா. உங்களைப் போகச் சொல்லிட்டார்."

"அதச் சொல்ல நீ யாரு?"

பூதக்கண்ணாடி போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

காலையில் கதவருகே ஒரு நாற்காலியைப் போட்டார். மூத்திரம் பிடிக்க ஒரு டப்பாவும் வைத்தார்.

"இதுல உக்காந்துக்கிட்டே பாருங்கப்பா."

"டியூட்டில உக்காரக் கூடாது தம்பி."

தோளைப் பிடித்து உட்காரவைத்தார். கையை எடுத்ததும் அப்பா எழுந்து நின்றார். இன்னொரு முறை உட்காரவைத்தார், மறுபடியும் எழுந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. பூதக்கண்ணாடி வெளியே வந்து பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.