சின்னப் பட்டம்

விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, என் மனைவி மாலதி ஆசையாகக் கேட்டது ஒன்றுதான். பெரிய பட்டம் கட்டினால் காற்றில் தானே ஓடும் மூன்று சக்கர வண்டி.

"உட்கார்ந்துக்கிட்டே ஓடலாங்க. கால் எதுக்கு?" என்றாள்.

வாங்கினேன். கையால் திருப்பும்படி மாற்றிக் கொடுத்தேன். பம்பால் காற்றடித்து உப்பவைக்கும் பட்டங்கள் இரண்டு வண்டியோடு வந்தன. மெல்லிய காற்றுக்குப் பெரியது, திடீரென்று வீசியடிக்கும் காற்றுக்குச் சின்னது. டில்லியின் மே மாதக் காற்றை நம்ப முடியாது, சின்னதையே கட்டுங்கள் என்றார்கள் விற்றவர்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. யமுனைக் கரைத் திடலில் வண்டி கொஞ்சம் நகரும், காற்று அடங்கியதும் நின்றுவிடும்.

ஒரு மாலை காற்று மெதுவாக, சீராக இருந்தது. அன்றும் நான் சின்னதைத்தான் விரித்தேன். மாலதி துப்பட்டா நுனியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அது லேசாக அசைந்தது.

"இன்னைக்கு எதுக்குங்க சின்னது?"

நான் பம்பை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அச்சா. நான் விழக்கூடாது, அவ்வளவுதானே உங்களுக்கு? நான் ஓடணும்னுதானே கேட்டேன்?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வண்டியைப் பற்றிப் பேசவேயில்லை. அந்தக் குளிர்காலத்தில் நிமோனியாவில் போய்விட்டாள்.

எங்கள் மோதி பாக் வீட்டுப் பரணில் பெரிய பட்டம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. மாலதி ஒரு தடவைகூட விழவில்லை.