பச்சை டேக்

வாஷிங் மெஷினும் டிரையரும் பழுது பார்க்கிற அவரை அந்த வட்டாரத்துக் குடியிருப்புகளில் மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கையில் கரண்ட் அளக்கிற மீட்டர் இருக்கும். "அதுவா கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் அவருக்கு ஆகாது. அதுவாக எதுவும் கெடாது, கண்ணுக்குத் தெரியாத காரணம் வேறு, காரணமே இல்லாதது வேறு என்பார். வீட்டில் உப்புக் கூடிப்போனதற்குக்கூட விசாரணை நடத்துவார். "எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிக்கறவருதான். நான் இவரைக் கட்டிக்கிட்டதுக்கு மட்டும் இன்னும் கண்டுபிடிக்கலை" என்று மனைவி சொல்லிச் சிரிப்பதுண்டு.

அப்படிப்பட்டவர் ஒரே டிரையருக்காக மூன்றாவது தடவையாக அந்த நாலாவது மாடி வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

சங்கதி இதுதான். டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் நின்றுவிடும், திரையில் ஒரு எண் மின்னும். சூட்டை அளக்கிற சென்சாரில் கோளாறு என்று அதற்கு அர்த்தம். முதல் தடவை வந்தபோது சென்சாரைக் கழற்றி வெந்நீர் டம்ளரில் முக்கிப் பார்த்தார். சூடு ஏற ஏற மீட்டரில் எண் இறங்கியது. அப்படித்தான் இறங்க வேண்டும். இருந்தாலும் எதற்கு வம்பு என்று புதிதாக ஒன்றை மாட்டினார். மறுநாளே அதே எண். இரண்டாவது தடவை வயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளந்தார். அதுவும் ஒழுங்காக இருந்தது. எல்லாமே நன்றாக இருக்கிற ஒரு மெஷின் எப்படிக் கெடும்?

கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது.

"நான் சாயங்காலம் போட்டா ஒழுங்கா ஓடுது சார். காலையில அவ போட்டா மட்டும்தான் நிக்குது. இதுக்கு மேல என்ன மீட்டர் வேணும் உங்களுக்கு?"

அவள் என்றது வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை. எட்டு வருஷமாக வருகிறவள். சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கும் ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னா, நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏதோ தப்பா அமுக்கறா. கேட்டா இல்லைங்கறா" என்றார் அந்த அம்மா.

"நான் ஒரு பொத்தானைத்தாங்க அமுக்கறேன். இருக்கறதே ஒண்ணுதான்" என்றாள் அந்தப் பெண்.

மீட்டர்காரருக்குச் சுருக்கென்றது. ஒரு வீட்டில் எது உடைந்தாலும் பழி ஏன் எப்போதும் எதிர்த்துப் பேச முடியாத ஆளைத் தேடிக்கொண்டு போகிறது? ஆனால் காலை, மாலை கணக்கும் பொய்யில்லையே. இவள் கை பட்டால் நிற்கிறது, அந்த அம்மா கை பட்டால் ஓடுகிறது. கைராசி என்று சொல்லித் தப்பிக்க அவர் ஜோசியரும் இல்லை.

"தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்கம்மா. எனக்காக எதையும் மாத்த வேண்டாம்" என்றார்.

பால்கனியை அடைத்துக் கட்டிய சின்ன அறை. கீழே வாஷிங் மெஷின், அதன் தலைமேல் ஸ்டாண்டில் டிரையர். அந்தப் பெண் ஈரத்துணியை உதறி உதறி மேலே போட்டு மூடினாள், பொத்தானை அமுக்கினாள். பிறகு அடுத்த கூடைத் துணியைக் கீழே போட்டு வாஷிங் மெஷினையும் ஓடவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணா ஓடுமா?"

"காலையில ரெண்டு ஈடு துணி இருக்கும் அண்ணே. ஒண்ணு முடியறவரைக்கும் பார்த்துட்டு நின்னா மத்த வேலையை யார் செய்யறது?"

மீட்டர்காரர் தலையைச் சொறிந்தார். சோதிக்கும்போது பக்கத்தில் வேறெதுவும் ஓடக்கூடாது என்று எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வது அவர் வழக்கம். இரண்டு தடவையும் வாஷிங் மெஷினை நிறுத்தச் சொன்னவர் அவரேதான். சாயங்காலம் அந்த அம்மா போடுவதும் நாலு துண்டு, டிரையர் மட்டும்தான்.

முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கீழே இருந்தது துணியைப் பிழிய ஆரம்பித்ததும் அறையே அதிர்ந்தது. மேலே அந்த எண் மின்னியது.

டிரையரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினார். சென்சாருக்குப் போகும் வயரை உள்ளே இருந்த சர்க்யூட் போர்டிலிருந்து உருவி, அந்த முனையில் மீட்டரை மாட்டினார். எண் அசையாமல் நின்றது. "இப்ப கீழே இருக்கறதை மறுபடியும் சுத்த விடுங்கம்மா" என்றார். அது சுழலத் தொடங்கியதும் மீட்டரில் எண் துள்ளியது, காணாமல் போனது, திரும்பி வந்தது. சுழல்வது நின்றதும் ஒன்றுமே நடக்காததுபோல் பழைய எண்.

வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில் ஓர் இணைப்பு. அதற்குள் இருந்த உலோகப் பின் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. வயர் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. யாரோ அதைப் பக்கத்துக் கம்பியோடு பிளாஸ்டிக் டேக் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

டேக் பச்சை நிறம். வால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது.

அவர் பையில் இருந்த டேக் கட்டும் பச்சைதான். ஐந்து மாதம் முன்பு இதே டிரையருக்கு பெல்ட் மாற்றியவர் அவர். வயர் தொங்கினால் அவருக்குப் பொறுக்காது; அழகாக, இறுக்கமாகக் கட்டிவிட்டுத்தான் மூடுவார். டேக்கின் வாலைச் சாய்வாக வெட்டுவதும் அவர் பழக்கம்தான். லூஸ் காண்டாக்ட், அதுவா ஆயிடுச்சு என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை நாக்குவரை எப்படி வந்தது என்றுதான் அவருக்கே விளங்கவில்லை.

"மேடம், தப்பு என்னோடது. பெல்ட் மாத்தினப்போ நான் இழுத்துக் கட்டின கட்டு. அதிர அதிரப் பின் வெளியே வந்துடுச்சு."

"நீங்களா? அவ ரெண்டையும் ஒண்ணா ஓட்டினதாலதானே?"

"ரெண்டும் ஒண்ணா ஓடறதுக்குத்தான் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சிருக்கீங்க."

"அவளுக்காகச் சொல்றீங்களோன்னு பார்த்தேன். எதுக்கும் இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினார். டேக்கை வெட்டி, பின்னை அழுத்தி, வயரைத் தளர்வாக விட்டு மறுபடியும் காட்டினார். இரண்டும் சேர்ந்து ஓடின. எண் மின்னவில்லை. அந்த அம்மா மூன்றாவது தடவையும் ஓட்டச் சொன்னார். இவள் குற்றவாளி என்று நம்ப ஒரு சோதனையும் தேவைப்படாதவருக்கு, இல்லை என்று நம்ப மூன்று சோதனை வேண்டியிருந்தது. இது எந்த ஊர்த் தர்க்கம் என்று மீட்டர்காரருக்குப் புரியவில்லை.

"சரி, நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் சூடான துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மீட்டர்காரர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

"நீங்களும் என்னைத்தானே அண்ணே நினைச்சீங்க?"

அவருக்குப் பொய் வரவில்லை. "முதல் நாள் நினைச்சேன்ம்மா."

"அதை எந்த மீட்டர்ல பார்த்தீங்க?"

மீட்டர்காரர் நாலு மாடியும் இறங்கி வந்தார். வண்டியைக் கிளப்பப் போனவர், பையில் இருந்த பச்சை டேக் கட்டை வெளியே எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், திரும்பவும் உள்ளேயே வைத்துக்கொண்டார்.