மூன்று பேருக்கு ஒரு வருகைப் பதிவேடு

ஜப்பான்காரன் காலத்து இரண்டாவது வருஷம் அது. மலாயாவில், பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. வயது இருபத்து மூன்று. அறிவு அதைவிடக் குறைவு. ஜப்பான்காரன் நுழைந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஓடிப்போனதும், ஆளாளுக்கு அவர் பங்களாவிலிருந்து அரிசி, சர்க்கரை, மெத்தை என்று தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஓர் இலக்கணப் புத்தகத்தையும் தடித்த ஆங்கில நாவல் ஒன்றையும் கொண்டுவந்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வெள்ளைக்காரன் திரும்பி வருவான், வந்ததும் முதல் வேலையாக என் ஆங்கிலத்தைத்தான் சோதிப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். படித்தது மறந்துபோகாமலிருக்க ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர். இன்னொருவர் துரையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா. அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் பேச்சு ஆங்கிலம் என்னைவிடச் சரளம். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீடு சும்மா கிடந்தது. மத்தியானம் மரவள்ளிக் கொல்லை வேலை முடிந்ததும் அங்கே கூடுவோம். முதலில் இலக்கணம், பிறகு பத்து வார்த்தைகள், கடைசியில் நாவலில் நாலு பக்கம். அந்த நாவலில் கதையைவிட மழை அதிகம்.

"தம்பி, தொரைசானி இப்படி நீட்டி மொழக்க மாட்டாங்க லா. நீ பேசுனா அவங்களுக்கே புரியாது" என்பார் அக்கா.

அப்போது ஆங்கிலப் புத்தகத்தோடு பிடிபட்டால் உளவாளி என்று பொருள். விசாரணைக்கென்று கூலிம் பட்டணத்துக்குக் கொண்டுபோனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. இது தெரிந்தும் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். தினமும் காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டுக் குறித்துப் பழகிய கை. வகுப்புக்கும் ஒரு வருகைப் பதிவேடு வைத்தேன். மூவரின் முழுப் பெயர், செய்யும் வேலை, எந்த நாள் வந்தார், எந்த நாள் வரவில்லை, எல்லாம் ஆங்கிலத்தில், கோடு போட்டு, ஒரே பக்கத்தில். பிடிக்க வருகிறவனுக்கு நான் எந்தச் சிரமமும் வைக்கவில்லை.

ஒரு நாள் வாசலோரம் உட்கார்ந்திருந்த டிரெசர் சட்டென்று எழுந்தார். "சைக்கிள் ரெண்டு வருது. சிப்பாய்!"

புத்தகங்கள் இரண்டையும் ஆறிக் கிடந்த அடுப்புச் சாம்பலுக்குள் திணித்தேன். திரும்பினால், பதிவேடு நடுத்தரையில் கிடக்கிறது. வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். பின்னால் மலாய் பேசும் மொழிபெயர்ப்பாளர்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா நகர்ந்தார். நோட்டை மடியில் எடுத்து வைத்து, அவசரமே இல்லாமல் பக்கம் புரட்டி, ஒரு தாளைக் கிழித்தார். அதை இரண்டாக்கினார். இடுப்பிலிருந்த புகையிலையை எடுத்து இரண்டு சுருட்டுச் சுருட்டினார். தோட்டம் முழுக்க அப்போது கிடைத்த காகிதத்தில்தான் புகைபிடித்தது. ஒன்றை இரண்டு கையாலும் சிப்பாயிடம் நீட்டி, குனிந்து வணங்கினார்.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் பெயரின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இனி அபா?" இது என்ன என்று மலாயில் கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"கெர்த்தாஸ் லாமா, துவான்." பழைய காகிதம் ஐயா, என்றார் அக்கா.

சிப்பாய் நோட்டை வாங்கிப் புரட்டினான். மிச்சமெல்லாம் தமிழில் எழுதிய மரவள்ளிக் கணக்கும் வெற்றுத் தாளும். அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, சுருட்டைப் பற்றவைத்தான். என் பெயர் அவன் உதட்டை நோக்கி எரிந்துகொண்டே போனது. இரண்டு இழுப்பு, இருமினான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வணங்க மறந்து நின்றேன். அதற்கு அவன் விட்ட அறையில் இடது காது மூன்று நாள் இரைந்தது.

சைக்கிள் சத்தம் மறைந்ததும் டிரெசர் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் புத்தகங்களை எடுத்தார். மற்றச் சுருட்டை அக்கா பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தே தெரியாதே, அந்தப் பக்கம்தான்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"நீ தெனம் எங்க மொகத்தப் பாத்துப் பாத்து எழுதுவியே, அந்தப் பக்கம் தெரியாதா? அறிவு கெட்டவனே, படிச்சவன் செய்யற வேலையா இது?"

அன்றோடு பதிவேடு எழுதுவதை விட்டேன். இன்றும் எந்தக் கூட்டத்துக்காவது எத்தனை பேர் வந்தார்கள் என்று யாராவது விசாரித்தால் உடனே சொல்லிவிடுவேன், யார் யார் என்று கேட்டால் மட்டும் எனக்கு ஞாபகமறதி வந்துவிடுகிறது.