நல்லிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கோடு

ஒரு வாரமாக என் மகள் கயல் பள்ளிக்கூடத்தில் கொடுத்த நாவல் ஒன்றை எனக்கு வாசித்துக் காட்டினாள். இங்கிலீஷ் நாவல். நான் பத்தாவதோடு நின்றவன். கார்மென்ட்ஸ் கம்பெனியில் துணியின் மேல் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டிக் கொடுக்கிற வேலை. அவள் ஒரு பக்கம் படிப்பாள், பிறகு தமிழில் சொல்வாள். அவளுக்கோ தமிழ் பேசத்தான் வரும், படிக்க வேண்டுமென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். இப்படி இரண்டு அரைகுறைகள் சேர்ந்து நேற்று சாயங்காலம் ஒரு முழுக் கதையை முடித்தோம்.

நாடு இரண்டாகப் பிரிந்தபோது சிறுமியாக இருந்த ஒருத்தியின் கதை அது. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து ஓர் ஆள் வரைபடத்தில் கோடு போடுகிறார். அவள் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம் வருகிறது, வேறு மதத்துச் சிநேகிதியின் வீடு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அந்த ஆள் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம்.

கயல் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள். “பாத்திருந்தா போட்டிருக்க மாட்டாரு, இல்லப்பா?”

பால் ஆறுகிறது, குடி என்று சொன்னேன். பதில் தெரியாத அப்பாக்கள் எல்லோரும் சொல்வதுதான். எனக்குப் பதில் தெரிந்தே இருந்தது. அதுதான் எரிச்சல்.

நாவலோடு ஒரு கேள்வித்தாளும் வந்திருந்தது. மதச் சண்டையால், பிரிவினையால் உங்கள் குடும்பத்துக்கு என்ன ஆனது, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதவும் என்று கடைசிக் கேள்வி. அவள் யாரையும் கேட்கவில்லை. ‘நாங்கள் பெங்களூர்க்காரர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதி, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினாள். பேனாவைப் பிடித்தேன். விரலில் சாக்குப்பொடி. அந்த வாசனை என்னைக் கொண்டுபோய் ஸ்ரீராம்புரத்தில் நான் வளர்ந்த சந்தில் நிறுத்திவிட்டது.

கயல் வயதுப் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் திருகினால் தண்ணீர் வருகிறது. எங்களுக்குச் சந்துக்கு ஒரே ஒரு நல்லி. குழாயை இங்கே எல்லோரும் கன்னடத்தில் நல்லி என்றுதான் சொல்வோம். விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆள் வேண்டாம், குடம் இருந்தால் போதும். எங்கள் பச்சைக் குடத்துக்குப் பின்னால் பாஷா வீட்டு நீலக் குடம். என் அம்மா முதலில் எழுந்தால் இரண்டையும் அவள் வைப்பாள், பாஷாவின் அம்மா முதலில் எழுந்தால் அவர். இதற்கு யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

பாஷாவும் நானும் ஐந்தாவது. ஸ்டம்பு நடுகிற இடத்தில் கோடு போடுவது எங்கள் பொறுப்பு. அவன் அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், அவரிடம் நீலப்பொடி தோய்த்த நூல் உண்டு. ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை நான். நடுவில் இழுத்து விட்டால் ‘டப்’ என்று தரையில் கோடு விழும். அதன் மேல் நான் சுண்ணாம்பு பூசுவேன். என் கை கொஞ்சமும் கோணாது என்று சந்து முழுக்கப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று இப்போது நினைத்தால் சிரிப்புகூட வருவதில்லை.

அந்த வருடம் வடக்கே எங்கேயோ நடந்த ஒரு மதச் சண்டைக்காக எங்கள் ஊரில் கல் வீசினார்கள். பஸ் நின்றது, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. எங்கள் சந்தில் ஒருவர் மீதும் ஒரு கல் விழவில்லை. ஆனால் சைக்கிள் கடை மாணிக்கம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நல்லியடியில் அவர்கள் குடம் ஒரு பக்கம், நம் குடம் ஒரு பக்கம் வைக்க வேண்டுமாம், நடுவில் ஒரு கோடு வேண்டுமாம்.

“சண்ட வராம இருக்கத்தான்டா. உன் கைதான் நேரா போவும், நீயே போட்டுடு.”

நான் ஏன் என்று கேட்கவில்லை. கை நேராகப் போகும் என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. என் மூளை வேறொன்றை யோசித்தது. சுண்ணாம்பில் போட்டால் முதல் குடம் ததும்பும்போதே அழிந்துவிடுமே. வெள்ளை சிமென்ட் என்றால் நிற்கும். யார் வீட்டில் இருக்கும்? பாஷா வீட்டில்.

ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தான். நூலையும் கொண்டுவந்தான். எதுக்குடா என்று கேட்டான். கியூ ஒழுங்கா நிக்கத்தான் என்றேன். மறுமுனையை அவன்தான் பிடித்தான். நான் குந்தி உட்கார்ந்து பூசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல இரண்டு குடங்களையும் வைத்திருந்தாள். மாணிக்கம் அண்ணன் வந்து நீலக் குடத்தைக் காலால் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார். பாஷாவின் அம்மாதான் பேசினார், அதுவும் சமாதானமாக. “பரவால்லக்கா. நா அங்கியே புடிச்சிக்கறன்.”

பாஷா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“நம்ம கோடு நேராத்தான்டா வந்திருக்கு.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் ‘நம்ம’ என்றான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாம் அடங்கியது. பஸ் ஓடியது. மாணிக்கம் அண்ணன் தன் கடைக்குப் பெயிண்ட் அடிக்கப் பாஷாவின் அப்பாவையே கூப்பிட்டார், இருவரும் ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்ததை நான் பார்த்தேன். எல்லோரும் மறந்துவிட்டார்கள், கோடு மட்டும் அப்படியே கிடந்தது. செங்கல் துண்டால் தேய்த்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றி, அதற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். எவ்வளவு கெட்டியாகக் குழைத்திருக்கிறேன், பாருங்கள். கடைசியில் மாணிக்கம் அண்ணனிடமே போய், உளி வைத்துக் கொத்திவிடலாமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்டா. எவ்ளோ அழகா கியூ நிக்குது பாரு.”

புதிதாகக் குடிவந்தவர்கள்கூட ஒரே நாளில் தங்கள் பக்கம் எது என்று தெரிந்துகொண்டார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பாஷா என்னோடு பேசாமல் இருந்துவிடவில்லை. கிரிக்கெட்டுக்கும் வந்தான். ஆனால் கோடு போட நூலை நீட்டினால் மட்டும், “நீயே போட்டுக்கடா” என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். நான் மறுமுனையைக் கல்லில் கட்டிப் பார்த்தேன். கல் நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் ஆட்டத்தில் ஒரு கோடும் நேராக வரவில்லை. அடுத்த வருடம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு அவர்கள் ஆட்கள் அதிகமாக இருக்கிற பக்கம் போனார்கள். வண்டியில் சாமான் ஏற்றும்போது நீலக் குடத்தைக் கண்டேன்.

போன மாதம் அந்தச் சந்துக்குப் போயிருந்தேன். கான்கிரீட் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வீடு காவேரித் தண்ணீர். நல்லி இருந்த இடத்தில் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள். கோட்டைத் தேடிக் குனிந்த என்னை ஓர் அம்மாள், என்ன சாவி விழுந்துடுச்சா என்று கேட்டார். கோடு இல்லை. அந்தப் பக்கம் நிற்க வேண்டியவர்களும் இல்லை, பாஷா வீட்டார் போனதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்விட்டார்களாம். அங்கே இனிக் கோடு தேவையே இல்லை.

கயல், நீ இதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும், நானே வாசித்துக் காட்டுகிறேன். அந்த வரைபடத்து ஆள் ஊரைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்திருந்தேன். எந்தக் குடம் யாருடையது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். உன் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கடைசிப் பதிலை அடித்துவிட்டுக் கொண்டு வா.