வளைவில் நிற்பதற்கு ஓர் ஆள்

இங்கே மோட்டார்வேயின் மேலே தொங்கும் பலகையில் சிவப்பாகப் பெருக்கல் குறி எரிந்தால், அந்தத் தடத்தில் போகக்கூடாது என்று அர்த்தம். போன மாதம் வேலைக்குப் போகும்போது அப்படி எரிந்தது. ஊர்ந்து ஊர்ந்து போய்ப் பார்த்தால், யாருடைய வண்டியிலிருந்தோ விழுந்த ஒரு மெத்தை. அதற்காக இங்கிலாந்து அரசாங்கம் ஒரு தடத்தையே மூடி, விளக்குச் சுழலும் ஜீப்பில் இரண்டு பேரை அனுப்பியிருந்தது. மற்றவர்கள் நேரம் போகிறதே என்று முகம் சுளித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ரோடும் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இலங்கையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்காரி. பதுளையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் வளைவுக்கு வளைவு பள்ளம். பனிமூட்டம் இறங்கினால் எதிரே வருவது பஸ்ஸா பசுவா என்று தெரியாது. அங்கே ஒரு வண்டி நின்றுவிட்டால் முதலில் ஓடுவது பக்கத்து லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கும் எங்கள் ஆட்கள்தான். நிழல் மரத்தில் பச்சைக் கொப்பை ஒடித்து, வளைவுக்கு முன்னாலேயே ரோட்டில் போடுவோம். அதைக் கண்டால் டிரைவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை, எங்கும் எழுதி ஒட்டியதும் இல்லை.

என் தம்பி செல்வமும் அப்படிக் கொப்புப் போடப் போனவன்தான். மரக்கறி லொறி ஒன்று அச்சு முறிந்து வளைவில் நின்றிருந்தது. கொப்பைப் போட்டவன், இந்தப் பனியில் அதுவும் தெரியாதே என்று சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். மேலேயிருந்து இறங்கிய வேன் அவனை அடித்துவிட்டுப் போய் மண்மேட்டில் முட்டி நின்றது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செய்தி வந்தபோது நான் இங்கே முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சொக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் என் கார் மோட்டார்வேயில் நின்றுவிட்டது. எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். பதற்றத்தில் ஊர்ப் பழக்கம்தான் முதலில் வந்தது. சரிவில் ஏறி, புதரில் கொப்புகளை ஒடித்து, காருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டேன். சற்று நேரத்தில் மஞ்சள் கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மரம் ஏதும் விழுந்ததா என்று கேட்டார். இல்லை, நான்தான் போட்டேன் என்றேன். அவர் கொப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, மனதுக்கு ஏதாவது கஷ்டமா, வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடட்டுமா என்றார். எங்கள் ஊரில் இது வழக்கம் என்று விளக்கிப் பார்த்தேன். ஏதோ பூசை என்று நினைத்திருப்பார். மரியாதையாகத் தலையை ஆட்டினார். என்னைத் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, ரோட்டில் எச்சரிக்கைக் கூம்புகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். அவருக்குக் காவலாக ஜீப் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அதற்கும் பின்னால், தூரத்திலேயே, பலகையில் சிவப்புக் குறி எரிந்தது. செல்வத்துக்கு இருந்தது ஒரு சட்டைதான். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை பொங்கியது. அந்த மனிதர் நடக்கும்போது அவருடைய இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்புடி நிக்கிறதுக்கு அவருக்குச் சம்பளம் குடுப்பாங்களாக்கா?"

"ஆமாடா. கோட்டும் குடுப்பாங்க."

"நல்ல வேலைதான். முந்தாநாளு நம்ம வளைவுல ஒரு லொறி நின்னுருச்சு. நான்தான் போனேன்."

"உனக்கென்ன பைத்தியமா? கட்டைக்கால வச்சிக்கிட்டு நீ எதுக்குப் போற? வேற ஆளே இல்லையா?"

"எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. அந்த டிரைவரு பாவம், தனியா முழிச்சிக்கிட்டு நின்னாரு. லொறியச் சரி பண்ற வரைக்கும் மேல நின்னு வண்டிகள நிறுத்திக்கிட்டு இருந்தேன். போறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு விடவே இல்லக்கா."

வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. இப்போது அது, பெயர்கூடத் தெரியாத அந்த லொறி டிரைவர் மேல். என் காருக்குப் பின்னால் ஓர் அரசாங்கமே வந்து நின்றது. அவனுடைய லொறிக்குப் பின்னால் என் தம்பி நின்றான்.